இரண்டு மீட்டர் நாற்பத்தாறு

இந்த நாட்டில் வாடகை வீட்டோடு
குசினி வராது.
சுவரில் இரண்டு குழாய், ஒரு மின்கம்பி,
முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டுபோன
அலுமாரிகளின் வெளிறிய தடம்.
மிச்சத்தை நாமேதான் கொண்டுவர வேண்டும்.

வூப்பர்டாலில் இது எங்களுக்கு நாலாவது வீடு.
மூன்று வீட்டிலும்
ஆரோ விட்டுப்போன பலகையில் வெங்காயம் வெட்டினேன்.
இந்தமுறை என் பலகை என்றேன்.
கிருபா தலையாட்டினார்.
அது சம்மதம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மரக்கடையில் ப்ரோக்மான் என்றொருவர்
உள்ளங்கை அளவுத் துண்டுகளைச்
சீட்டுக்கட்டுப்போலப் பரப்பினார்.
பீச், தண்ணீர் கண்டால் ஊதுமாம்.
வால்நட்டின் விலையைக்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
ஓக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்
விரல்முட்டியால் தட்டிக் காட்டினார்.

கிருபா லாமினேட் பக்கம் போய் நின்றார்.
மரம் மாதிரியே இருக்கிற, மரம் இல்லாத ஒன்று.
"கறை பிடிக்காது, எண்ணெய் பூசத் தேவையில்லை,
பாதி விலை.
உமக்கு என்னத்துக்கு இந்த வில்லங்கம்?"

நான் எட்டு மணிநேரம்
ஆஸ்பத்திரிச் சமையலறையில் எவர்சில்வர் துடைக்கிறவள்.
கறை பிடிக்காத ஒன்றோடு
நாளெல்லாம் இருந்துவிட்டு வருகிறேன்.
நானூறு பேருக்குக் கிழங்கு மசித்த இடத்தில்
மாலையில் என் முகம் மட்டும் தெரியும்,
அதுவும் நெளிந்து.
இதை அவரிடம் சொல்லவில்லை.
"துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்று
ப்ரோக்மானிடம் கேட்டேன்.

ஞாயிறு காலை பரீட்சை.
ஒவ்வொரு துண்டிலும் ஒரு துளி மஞ்சள்,
புளிக்கரைசல், பீட்ரூட்,
தேத்தண்ணிக் கோப்பையின் ஈர அடி.
இரவு, நனைந்திருந்த ஓக்கின் மேல்
தோசைக்கல்லை மறந்துபோய் வைத்துவிட்டேன்.
விடிய எழும்பிப் பார்த்தால்
கறுப்பாய் ஒரு பிறை.
தேய்த்தேன். எலுமிச்சை, உப்பு, உப்புத்தாள்.
கொஞ்சம் மங்கியது, போகவில்லை.
மஞ்சளோ, ஜன்னலோரம் வைத்த மூன்றாம் நாள்
வெயில் என்று சொல்லவே கூசும் அந்த வெயிலில்
போன இடம் தெரியவில்லை.
போகவே போகாது என்று நான் நினைத்தது அதைத்தான்.

"பாத்தீரோ?" என்றார் கிருபா, பிறையைக் காட்டி.
"பாத்தன்" என்றேன்.
வெள்ளிக்கிழமை போய் ஓக்குக்கே காசு கட்டினேன்.
இரும்பு பட்டால் முகம் கறுக்கிற மரம்.
பிடித்துவிட்டது,
வேறு காரணம் கேட்டால் இல்லை.

இரண்டு மீட்டர் நாற்பத்தாறு.
பழைய ஓப்பலுக்குள் போகவில்லை.
கதைக்காமல், ஆளுக்கொரு முனையைத்
தோளில் வைத்து நடந்தோம்.
தலைக்குமேல் தொங்கிக்கொண்டு போகும் ரயில்
ஆற்றின் வளைவோடு வளைந்தது.
ஜன்னலில் ஒரு பொடியன் கையசைத்தான்.
திருப்பிக் காட்ட எங்களிடம் கை இல்லை.
மாடிப்படித் திருப்பத்தில்
அவர் இடதுக்கு இழுத்தார், நான் வலதுக்கு.
பலகை இருவரையும் சுவரோடு அமர்த்தி நிறுத்தியது.
"மெல்ல" என்றார்.
நாலு நாளில் முதற்சொல்.

சிங்க்குக்கு ஓட்டை அறுக்குமுன்
இரண்டுதரம் அளந்தார்,
மூன்றாம்தரம் என்னை அளக்கச் சொன்னார்.
வாளின் சத்தத்துக்குக் கீழ்வீட்டு லென்ஸ் அம்மா
தும்புத்தடியால் தன் கூரையைத் தட்டினார்.
விழுந்த சதுரத்தை ஆரணி தூக்கிக்கொண்டு ஓடினாள்.
அது இப்போது அவளுடைய அறையில்
என்னவாக இருக்கிறதோ,
கதவு சாத்தியிருக்கிறது.

இரவு ஆளிவிதை எண்ணெய்.
அவர் ஜன்னல் பக்கமிருந்து தேய்த்துக்கொண்டு வந்தார்,
நான் அடுப்புப் பக்கமிருந்து.
வெளிறிக் கிடந்த ரேகைகள்
துணி போன வழியெல்லாம் எழும்பி வந்தன.
நடுவில் சிங்க்கின் வெற்று இடம்,
அதன் ஓரத்தையும் விடவில்லை.

முடிந்தபின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
டப்பாவின் சின்ன எழுத்தை வாசித்தார்:
"எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போடக் கூடாதாம்.
ஒருத்தரும் கொளுத்தாமலே பத்துமாம்."

பால்கனிக் கம்பியில்
இரண்டு துணியையும் விரித்துப் போட்டோம்,
ஒன்றின் மேல் ஒன்று படாமல்,
காற்றுப் படும்படி.